சேய் நலம்... தாய்?

‘தாயும் சேயும் நலம்.’

மூன்றே வார்த்தை. பிரசவ வார்டு வாசலில் நின்றபடி செல்போனில் நாம் தட்டிவிடுகிற செய்தி. அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான். ஆனால், ஆஸ்பத்திரிப் படி இறங்கியதுமே அதில் பாதியைத் தொலைத்துவிடுகிறோம். அதற்கப்புறம் வருகிற விசாரிப்புகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ‘எத்தனை கிலோ?’, ‘யார் ஜாடை?’, ‘மஞ்சக்காமாலை இறங்கிடுச்சா?’, ‘பால் பத்துதா?’ கடைசிக் கேள்வி மட்டும் தாயைப் பற்றியது மாதிரித் தெரியும். அதுவும் இல்லை. அது சப்ளை பற்றிய கேள்வி!

‘உனக்கு எப்படிம்மா இருக்கு? நேத்து ராத்திரி தூங்கினியா?’ என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால், எத்தனை கை உயரும்?

வீட்டில் மட்டுமல்ல, அரசாங்கத்திடமும் இதே கேள்வித்தாள்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரச் சண்டை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். பிரசவத்தில் பெண்கள் சாவதைத் தடுப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே பாடம் எடுக்கலாம். 2018-20 கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இங்கே இறந்த தாய்மார்கள் 54 பேர். இந்தியாவின் சராசரி 97. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கின்றன. ஏழைத் தாய்மார்களுக்காக 1987-ல் ஆரம்பித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று வளர்ந்தது. யார் ஆட்சிக்கு வந்தாலும் அதை ஏற்றினார்களே தவிர, ஊற்றி மூடவில்லை. சபாஷ்!

அதே குடும்ப நல ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதக் குழந்தைகள் சிசேரியன் மூலம் பிறக்கின்றன. அதாவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற நூறு பேரில் நாற்பத்தைந்து பேருக்கு வயிற்றில் தையல் ஆறவில்லை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், ஆபரேஷன் என்றால் ஏழு நாள் இலவசச் சாப்பாடு. பிறகு 102 வண்டி வந்து இலவசமாக வீட்டில் இறக்கிவிட்டுப் போகும். நல்ல விஷயம்தான். வண்டி திரும்பிய பிறகு?

கோச்சடைக்கு வாருங்கள். மதுரையில் மேலக்கால் ரோட்டில், வைகைக்குத் தெற்கே இருக்கிறது. முத்தையா சாமி கோயில் என்றால் மாவட்டமே கையெடுத்துக் கும்பிடும். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே கிராமம். இன்றைக்கு மாநகராட்சிக்குள் அடக்கம். அடுக்குமாடி வீடுகளும் உண்டு, ஒற்றை அறை வாடகை வீடுகளும் உண்டு. இரண்டிலும் ஏறிப் பாருங்கள்.

மூன்றாவது மாடியில் இருப்பவளுக்குக் கணவன் ஐ.டி. கம்பெனியில். அம்மா திருநெல்வேலியில்; சுகர், முட்டி வலி. பதினைந்து நாள் இருந்துவிட்டு, ‘அப்பாவுக்கு யாரு சோறு வடிக்கிறது?’ என்று பஸ் ஏறிவிட்டார். காலை எட்டரைக்குக் கதவைச் சாத்தினால் ராத்திரி எட்டரைக்குத்தான் மறுபடி திறக்கும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் அவளும் குழந்தையும் நாலு சுவரும். ஒற்றை அறை வீட்டில் இருப்பவளோ நைட்டி தைக்கிறவள் அல்லது பூக் கட்டுகிறவள். அரசு ஊழியருக்கு 2021-லிருந்து பேறுகால விடுப்பு 12 மாதம். கம்பெனி வேலை என்றால் 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். பீஸுக்குக் கூலி வாங்குகிறவளுக்கு? இருபதாவது நாள் மிஷினை மிதிக்க வேண்டியதுதான். தையல் போட்ட வயிற்றோடு தையல் மிஷின்.

இந்த இரண்டு பேருக்கும் பணக் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால், இல்லாதது ஒன்றுதான். கூட ஓர் ஆள்.

‘சும்மா இருங்க சார்... எங்க பாட்டி பத்துப் பெத்தா. அவளுக்கு எந்த டிப்ரஷன் வந்துச்சு?’ என்று ஒரு குரல் கேட்கிறது. எல்லாக் கல்யாண வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவருக்கு இரண்டு பதில்கள்.

முதல் பதில்: வந்தது. அதற்கு நாம் வைத்த பெயர் வேறு. ‘பிள்ளை பெத்த ஜன்னி’ என்றோம், ‘காத்துக் கருப்பு அண்டிடுச்சு’ என்றோம், வேப்பிலை அடித்தோம். ரொம்ப முற்றியவளைப் பிறந்த வீட்டில் தள்ளிவிட்டு, மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம் பார்த்தோம்.

இரண்டாவது பதில்: பாட்டிக்குக் கை இருந்தது. தன் கை இல்லை, மற்றவர் கை. ‘பச்ச ஒடம்புக்காரி’ என்று அவளுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருந்தது இந்த ஊர். பிள்ளைக்குத் தண்ணி ஊற்ற ஒரு கிழவி வருவாள். பூண்டு உரித்து, காயம் இடித்து, கருவாடும் சுறாவும் வாங்கிப் பத்தியம் பார்க்க ஒருத்தி. மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் அத்தை. வளவு வீட்டில் நாலு குடித்தனம் என்றால் எட்டுக் கை. பிள்ளை ராத்திரி அழுதால் யாராவது ஒருத்தி எழுந்து தூளியை ஆட்டுவாள்.

அதையெல்லாம் பொற்காலம் என்று நான் பூ சுற்ற மாட்டேன். தீட்டு என்று மூலையில் உட்கார வைத்ததும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போட்டதும், பெண் பிள்ளை என்றால் மாமியார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதும் அதே வீடுகளில்தான். நாம் செய்த கூத்து என்னவென்றால், கைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, மூஞ்சித் திருப்பலை மட்டும் பத்திரமாக அபார்ட்மென்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இது என் வயிற்றெரிச்சல் இல்லை. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 11 சதவிகிதம். ஒன்பது பேரில் ஒருத்தி! யாருக்கு வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த கஷ்டங்கள்... இவற்றோடு இன்னொரு காரணம், உடம்பு உழைப்புக்கு ஒத்தாசை இல்லாமை. நன்றாகக் கவனியுங்கள். கூடமாட ஓர் ஆள் இல்லாததும் நோய்க்கு வழி செய்கிறது என்று டாக்டர்கள் எழுதி வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இப்போது திட்டங்களைப் பார்ப்போம். 2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், ஷாம்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று போகிறது பட்டியல். பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்கும் புத்தி. எண்ணினேன். தாய்க்கு என்று சொல்லக்கூடியவை மூன்று. ஒரு குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். மூன்றில் ஒன்று, குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவ!

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பிரசவத்துக்குப் பிறகு வருகிற தவணைகளைப் பாருங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் தாய்க்குப் பணம். ஊசி முக்கியம், தப்பே இல்லை. ஆனால், தாயின் தையல் ஆறியதா, ரத்தம் ஏறியதா, ராத்திரி தூங்குகிறாளா என்று எந்தத் தவணையும் கேட்பதில்லை. வீடு தேடிப் போய்ப் பார்க்க 2011-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரே ‘வீட்டில் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு’. தாயையும் பாருங்கள் என்று உள்ளே விதி இருக்கிறது. பெயர்ப் பலகையில் அவளைக் காணோம்.

நர்ஸம்மாக்களைக் குறை சொல்ல வரவில்லை. நகரத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒரு சுகாதார செவிலியர் என்பது அரசாங்கமே வைத்திருக்கும் அளவு. கர்ப்பிணிப் பதிவு, ஊசி, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, கொசு ஒழிப்புக் காலத்தில் அந்த வேலை என்று ஓடுகிறவரிடம், ‘உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வாங்க’ என்று நாம் சொன்னால், நம்மைத்தான் முறைப்பார்.

அப்புறம், இந்த 42 நாள் கணக்கு. தாய் மரணம் என்று பதிவேட்டில் ஏற வேண்டுமானால் பிரசவமான 42 நாளுக்குள் சாக வேண்டும். 43-வது நாள் செத்தால் வேறு பேரேடு! மனச்சோர்வுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பிள்ளை பிறந்த ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தற்கொலையைத் தாய் மரணமாகவே சேர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வழிகாட்டியது. கேரளத்து மகப்பேறு டாக்டர்கள் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக அலசும் வேலையை 2004-ல் தொடங்கினார்கள். ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு வரிசையில் தற்கொலையும் முக்கியக் காரணமாக நின்றது.

2024 உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில், மாடியிலிருந்து தவறி விழுந்து தகரக் கூரையில் மாட்டிக்கொண்ட குழந்தையை அக்கம்பக்கத்தார் மீட்ட வீடியோ. நாடே பார்த்தது. காப்பாற்றியவர்களைக் கொண்டாடினோம். அத்தோடு நிறுத்தினோமா? ‘இவளெல்லாம் ஒரு தாயா?’ என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டோம். சில வாரங்களில் அவர் உயிரை விட்டுவிட்டார். மனச்சோர்வுக்கு அவர் சிகிச்சையில் இருந்ததாக அப்புறம் செய்தி வந்தது. அந்த நாட்களில் அவரை ஏசி ஒரு வரி எழுதியவரும், அதற்கு ஒரு கட்டை விரல் போட்டவரும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். படியுங்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா?

அதிசயம் எதுவும் வேண்டாம். பக்கத்து ஊர்களில் நடந்ததையே சொல்கிறேன். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், மனச்சோர்வுள்ள 903 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. பெரிய மனநல டாக்டர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நம் ஊர் சுகாதாரத் தன்னார்வலர் மாதிரி அங்கே இருக்கும் சாதாரணப் பெண் பணியாளர்களுக்குப் பேசவும் கேட்கவும் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் போன ஊர்களில் மனச்சோர்வு நீடித்தது 23 சதவிகிதம் பேருக்கு. வழக்கமான வருகை மட்டும் நடந்த ஊர்களில் 53 சதவிகிதம்! இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் என்று ஒருவர், பிரசவமான பத்து நாளுக்குள் இரண்டு தடவை, ஆறு வாரத்துக்குள் மொத்தம் நாலு தடவை வீட்டுப் படியேற வேண்டும் என்பது விதி. நெதர்லாந்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வழக்கமாக எட்டு நாள் ஒரு பணியாளர் வருவார். தையலைப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித் தருவார். துணியும் துவைத்து, மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்வார். அடிப்படை மருத்துவ இன்ஷூரன்ஸிலேயே அது அடக்கம். நம் ஊர்க் கிழவி செய்த வேலையை அவர்கள் சட்டமாக்கிச் சம்பளமும் கொடுக்கிறார்கள். நாம் கிழவியையும் தொலைத்துவிட்டோம், சட்டமும் போடவில்லை.

‘அதுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போறது?’ வாங்க, கணக்குப் போடுவோம். என் ஏரியா இது.

ஒரு வார்டில் வருஷத்துக்கு 200 பிரசவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 42 நாள், தினம் இரண்டு மணி நேரம், ஒரு பெண் போகிறார். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய். 42 நாளுக்கு 8,400. இருநூறு வீட்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம். ஒருவர் தினம் மூன்று வீடு பார்த்தால் அவர் கையில் 600 ரூபாய். ஒரு வார்டுக்கு ஒன்பது பெண்கள் போதும். அதே தெருவில் ஒன்பது பெண்களுக்கு வேலையும் ஆச்சு. ஒரு தெருவுக்கு நல்ல ரோட்டின் மேலேயே மறுபடி ரோடு போடுகிற காசு எவ்வளவு என்று உங்கள் கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்காக அந்த 18,000 ரூபாயில் கை வைக்கக் கூடாது. வைத்தால், இதே பக்கத்தில் அதற்கும் சண்டை உண்டு.

ஆட்கள்? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள்தான் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். தாத்தாவின் மாத்திரை வாசலுக்கே வருகிறது. சந்தோஷம். அதே வீட்டுக்குள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பேத்தியையும் எட்டிப் பார்க்கச் சொல்லி ஓர் உத்தரவு போட எத்தனை கையெழுத்து வேண்டும்?

‘படிக்காத பொம்பளைங்களால இதெல்லாம் முடியுமா?’ என்று மதுரைக்காரன் யாரும் கேட்கக் கூடாது. களஞ்சியம் குழுக்களைக் கட்டி எழுப்பிய சின்னப்பிள்ளை இந்த மண்ணுக்காரர். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். விருது மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கியவர் பிரதமர் வாஜ்பாய். கூலிக்காரப் பெண்கள் பைசா பைசாவாகச் சேர்த்து வங்கிக் கணக்கே நடத்திய ஊரில், ஒரு பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்து, அவள் பேசுவதைக் கேட்க ஆள் கிடைக்காதா?

மனநல வைத்தியத்துக்கும் மதுரை புதுசு இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் ஆரம்பக் கட்டத்திலேயே வந்த மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. டாக்டர் சி.ராமசுப்ரமணியன் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து டிரஸ்ட் 1992-லிருந்து இங்கே வேலை செய்கிறது. அதாவது, பிரச்னை முற்றினால் அனுப்ப இடம் இருக்கிறது. யாரை அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

அதற்கும் வழி ரெடி. மனச்சோர்வு இருக்கிறதா என்று முதல்கட்டமாகக் கண்டுபிடிக்க எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் 1987-லேயே வந்துவிட்டன. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் கெடுகிறதா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்கிற ரீதியில் போகும். வேலூர்க்காரர்களே அதைத் தமிழில் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டும்விட்டார்கள். பதில் சொல்ல ஐந்து நிமிஷம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று புதன்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே தேடி வருகிறாள், ஊசி போட. பெஞ்சில் அரை மணி நேரம் காத்திருக்கிறாள். குழந்தையை எடை போடுகிறோம், அட்டையில் எழுதுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பத்துக் கேள்வி கேட்க முடியாதா? அட்டையில் தாய்க்கென்று நாலு வரி ஒதுக்க முடியாதா? ரத்த அளவு, ரத்தக்கொதிப்பு, தையல், மனசு. நாலே வரி!

அரசாங்கத்துக்குச் சொல்வது அவ்வளவுதான். இனி, உங்களுக்கு.

பிள்ளை பார்க்கப் போகும்போது கிலுகிலுப்பை வேண்டாம். ஒரு தூக்குவாளியில் ரசம் சாதமும் கூட்டும் கொண்டுபோங்கள். ‘குழந்தையைக் கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன், நீ ரெண்டு மணி நேரம் தூங்கு’ என்று சொல்லுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்களே, பொங்கல் கோலப் போட்டிக்கு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். மூன்றாவது மாடியில் பிரசவமான பெண்ணுக்கு ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் போக அதே குழு போதும். கணவன்மார்களே, ‘ஹெல்ப் பண்றேன்’ என்று சொல்லாதீர்கள். அது உங்கள் பிள்ளை. ராத்திரி இரண்டு மணி ஷிஃப்ட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள். பிரசவமான முதல் பத்து நாளில் வருகிற அழுகை, எரிச்சல் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, ‘நான் லாயக்கில்லாதவ’ என்ற பேச்சு தொடர்ந்தால், அது திமிர் இல்லை, சோம்பேறித்தனம் இல்லை. நோய். அதற்கு மருந்து உண்டு. சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ பேசுகிறார்கள் என்ற பயம், நாள் கணக்கில் தூக்கமே இல்லை, செத்துப்போகிறேன் என்ற பேச்சு... இவற்றில் எது வந்தாலும் கோடாங்கியிடம் போகாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண், 2022-லிருந்து இருக்கிறது. தமிழில் பேசலாம்.

இந்தப் புதன்கிழமை உங்கள் வீட்டிலிருந்தோ, பக்கத்து வீட்டிலிருந்தோ யாராவது குழந்தைக்கு ஊசி போடப் போனால், கூடப் போங்கள். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். ‘உனக்கு எப்படிம்மா இருக்கு?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதீர்கள்.